கடைசி விளக்கு

பகாவில் மழை விட்டு ஒரு மணி நேரம்.
ஆலையின் செம்பனை வாடை
ஜன்னல் கம்பியில் ஈரத்துணியாய்த் தொங்குகிறது.
இரண்டு மாதமாய்க் கூலிக் கணக்கு உதைக்கிறது.
கோலாலம்பூரின் புதுத் தரவுத்தளத்துக்குள் நின்றுகொண்டு
அடுத்த அறையில் உறுமும் ஏஎஸ் நானூறை
அழைத்துக்கொண்டிருக்கிறேன்.

சும்மா கூப்பிட்டால் திரும்பாது அது.
பேர் பத்தெழுத்துக்குள். அத்தனையும் பெரிய எழுத்து.
எந்த நூலகத்தில் குடியிருக்கிறது என்று
விலாசம் சொல்ல வேண்டும்.
ஏழு இலக்கம் கேட்ட இடத்தில் ஆறு கொடுத்தால்
ஏழாவதை நினைவகக் குப்பையிலிருந்து
தானே பொறுக்கிக்கொள்ளும், கேட்காமலே.
'ஏ' என்று நான் அனுப்பும் அறுபத்தைந்து
அங்கே போய்ச் சேரும்போது நூற்றுத் தொண்ணூற்று மூன்று.
நடுவில் நிற்கும் இணைப்பு
இரண்டு சம்பந்தி வீட்டுக்கும் பொதுவான ஆள் போல
இளைத்துப்போய் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்கிறது.

கிராகாஜி.
அதுதான் கூலி கணக்கிடும் நிரலின் பேர்.
முதலில் செங்கமலத்தை அனுப்பினேன், நான்காம் பிரிவு.
சென் வரைக்கும் சரி.
மழைநாள் படி பதினெட்டு ரிங்கிட், அதுவும் சரி.
அடுத்து ரஃபிக்குல் இஸ்லாம்.
மழை படியே கிடையாது அவருக்கு.
பதினெட்டு வந்தது.
தில் பகதூர். பதினெட்டு.

வரிசையை மாற்றினேன்.
ரஃபிக்குல் முன்னால் நின்றால் சரியாக இருக்கிறார்.
தனியாக அழைத்தால் எல்லோருமே சரி.
பின்னால் நிற்பவர் மீதுதான்
முன்னால் போனவரின் மழை ஒட்டிக்கொள்கிறது.

"டேட்டா தப்பா இருக்கும்" என்றான் ஃபைசால் தொலைபேசியில்.
அவனுக்குப் பின்னால் கிண்ணங்கள் கழுவும் சத்தம்.

ஒன்றேகால் மணிக்குப் பிடிபட்டது.
வேலை முடித்துக் கிளம்பும்போது
கடைசி விளக்கை ஏற்றிவிட்டுப் போக வேண்டும் நிரல்.
ஏற்றினால்தான் செத்ததாக அர்த்தம்,
கையில் இருந்ததெல்லாம் அப்போதுதான் உதிரும்.
இது ஏற்றவே இல்லை.
பதிலைக் கொடுத்துவிட்டு
கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது,
உள்ளங்கையில் பதினெட்டு ரிங்கிட்டோடு.

அந்தக் காலத்தில் தெரியவில்லை.
ஒவ்வொரு கிராணிக்கும் ஒரு திரை,
ஒரு சமயத்துக்கு ஒரு ஆள் கணக்கு,
பார்த்துவிட்டு வெளியேறினால் அவரோடு சேர்ந்து எல்லாம் போகும்.
இப்போது வேகம் வேண்டுமென்று
ஒரே வாசலைத் திறந்தே வைத்திருக்கிறோம்.
எண்ணூறு பேரும் அது வழியாகத்தான்
ஒருவர் குதிகாலை ஒருவர் மிதித்து.

ஒரு வரி சேர்த்தேன்.
விளக்கு எரிந்தது.
மறுபடி அழைத்தேன்: செங்கமலம், ரஃபிக்குல், தில் பகதூர்.
அவரவர் மழை அவரவரோடு.

தேநீர் போட எழுந்தபோது ஃபைசாலே கூப்பிட்டான்.
"கூடப் போனது எத்தனை பேருக்கு?"
முந்நூற்றுப் பதினொன்று.
"இந்த மாதமே பிடித்துவிடலாமே."

பிடித்தத்துக்கு ஒரு நிரல் இருக்கிறது.
இதுவரை அதை நான் வெளியிலிருந்து அழைத்ததில்லை.
விலாசம் தேடவில்லை, இலக்கம் எண்ணவில்லை,
முதல் அழைப்பிலேயே எழுந்து வந்தது.
முந்நூற்றுப் பதினொன்று வரிகள், பிழை பூஜ்யம்.
மூல நிரலைத் திறந்து பார்த்தேன்.
எழுதிய அன்றைக்கே
ஒழுங்காக ஏற்றி வைத்திருக்கிறார்கள் அதில்
கடைசி விளக்கை.

ஐந்தே முக்காலுக்குப் பெரட்டு.
பசியாறப் போகிற வழியில் வண்டியை நிறுத்தினேன்.
நான் அச்சிட்ட தாளைத்தான்
டார்ச் வெளிச்சத்தில் வாசிக்கிறார் மண்டோர்.
பத்தெழுத்தோடு பேர் முடிந்துவிடுகிற தாள்.

"ரஃபிக்குல் இஸ்"
என்று நிறுத்தினார்.

முழு ஆளாய் ஒருவர் கை தூக்கினார்.